தண்ணீர் இல்லாத எஞ்சின்: 1971 ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனுடன் ஏழு ஆண்டுகள்

ஜெர்மனியின் ஹனோவர் நகரிலுள்ள ஆலையில் 1971ஆம் ஆண்டு மாடலாக உருவாகி, கப்பலேறிக் கலிஃபோர்னியா சென்று, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வறண்ட வெயிலில் ஓடிய பின் பிறந்த ஊருக்கே திரும்பி வந்த ஒரு ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனை ஏழு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வார இறுதிகளிலும் கோடை விடுமுறையிலும் அது ஓடும். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு தகட்டைத் தின்றுவிடும் என்பதால் கொட்டகையில் நிற்கும். இப்படியொரு வேனை வாங்க நினைத்து என்னிடம் யோசனை கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்: "இதில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, ஆகவே எஞ்சின் கொதித்து வழியில் நிற்கும் தொல்லையும் கிடையாது, அப்படித்தானே?"

பாதிதான் உண்மை. தண்ணீர் இல்லாததால் ஒழுகுவதற்கும் உறைவதற்கும் ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீர் செய்ய வேண்டிய வேலையை இங்கே காற்று செய்கிறது. அந்தக் காற்று தானாக வந்து சேர்வதில்லை. ஒரு விசிறியும், அதைச் சுற்றும் ஒரு பெல்ட்டும், மெல்லிய இரும்புத் தகடுகள் பத்துப் பன்னிரண்டும் சேர்ந்து அதைப் பிடித்து இழுத்து, பங்கிட்டு, வெளியே அனுப்புகின்றன. அந்தப் பாதையை அறிந்து காப்பவருக்கு இந்த வண்டி அரை நூற்றாண்டு கடந்தும் உழைக்கிறது. அறியாதவர் கையில் ஒரே கோடையில் எஞ்சின் போய்விடும். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்தப் பாதையைப் பற்றியது.

வண்டியின் குணமும் குறையும் அது பிறந்த விதத்திலேயே அடங்கியிருப்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபோக்ஸ்வாகனின் வொல்ஃப்ஸ்பர்க் ஆலை பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறுப்பில், மேஜர் ஐவன் ஹர்ஸ்ட்டின் மேற்பார்வையில் இயங்கியது. ஆலைக்குள் உதிரிபாகங்களைக் கொண்டுசெல்லத் தொழிலாளர்கள் பீட்டில் காரின் அடித்தளத்தில் ஒரு தட்டையான மேடையைப் பொருத்தி, ஓட்டுநரைப் பின்கோடியில் உட்காரவைத்து ஒரு வண்டி செய்து வைத்திருந்தார்கள்; 'பிளாட்டன்வாகன்' என்பது அதன் பெயர். நெதர்லாந்தின் இறக்குமதியாளர் பென் போன் அதைப் பார்த்துவிட்டு, 1947 ஏப்ரல் 23 அன்று தம் குறிப்பேட்டில் சில கோடுகள் வரைந்தார். மூக்கில் ஓட்டுநர், வாலில் எஞ்சின், இரண்டுக்கும் நடுவே 750 கிலோ சரக்குக்கு இடம் என்பதுதான் அந்தப் படம் சொல்வது. அந்தத் தாள் இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. ஓட்டுநரின் எடை ஒரு முனையிலும் எஞ்சினின் எடை மறுமுனையிலும் இருந்தால், சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியின் சமநிலை பெரிதாக மாறாது என்ற எண்ணம் அந்தச் சில கோடுகளிலேயே இருக்கிறது.

1948 ஜனவரியில் நிறுவனத்தின் தலைமையை ஏற்ற ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப் அந்த எண்ணத்தைச் செயலாக்கினார். பீட்டிலின் அடித்தளத்தை அப்படியே பயன்படுத்திய முதல் சோதனை வண்டி சுமை தாங்காமல் வளைந்துபோயிற்று. ஆகவே நீளவாக்கில் உறுதியான சட்டங்களோடு உடலும் தளமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட புதிய அமைப்பை உருவாக்கினார்கள். பெட்டிபோல் இருந்த முகப்பைப் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருட்டியபோது, காற்றெதிர்ப்புக் கெழு 0.75இலிருந்து 0.44ஆகக் குறைந்தது. இருபத்தைந்து குதிரைத்திறன் மட்டுமே கையில் இருந்தவர்களுக்கு அது சிறிய வெற்றி இல்லை. 1949 நவம்பர் 12 அன்று பத்திரிகையாளர்களுக்குக் காட்டப்பட்ட வண்டி, 1950 மார்ச் 8 முதல் தொடர் உற்பத்திக்கு வந்தது. அதே மார்ச் 8ஆம் நாளில், 1956இல், ஹனோவர் நகரின் ஷ்டோக்கென் பகுதியில் இதற்கெனவே கட்டப்பட்ட ஆலைக்கு உற்பத்தி மாறியது.

நம் ஊர்களில் சரக்கு வண்டிக்கே பொதுப்பெயராகிவிட்ட 'டெம்போ'வுக்கும் இந்த எஞ்சினுக்கும் ஓர் உறவு உண்டு. ஹாம்பர்க்கின் ஹார்பர்க் பகுதியில் இருந்த விடால் அண்ட் ஸோன் நிறுவனம் 1949இல் கொண்டுவந்த டெம்போ மெட்டாடோர் வேனில், இந்த வேனுக்கும் பீட்டிலுக்கும் பொதுவான அதே எஞ்சின்தான் முன்சக்கரங்களைச் சுழற்றியது. தன்னுடைய வேனே சந்தைக்கு வந்துவிட்ட நிலையில் ஃபோக்ஸ்வாகன் அந்த எஞ்சின் வழங்கலை நிறுத்திவிட்டது. பிற்காலத்தில் பஜாஜ் டெம்போவின் வழியாக இந்தியாவில் ஓடிய மெட்டாடோர், தண்ணீரால் குளிரும் டீசல் எஞ்சின் பூட்டிய வேறொரு வண்டி. பெயர் மட்டுமே தொடர்ந்தது.

இனி எஞ்சினுக்கு வருகிறேன். நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். நடுவில் எஞ்சினின் உடற்பகுதியான, மெக்னீசியக் கலவையில் வார்த்த கிரான்க் கேஸ். அதன் இருபுறமும் தனித்தனியாகச் செருகப்பட்ட நான்கு வார்ப்பிரும்புச் சிலிண்டர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் சிலிண்டர்களை மூடும் ஓர் அலுமினிய ஹெட். பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகச் செதில்கள் பழக்கமானவை; இங்கேயும் சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றி அதே செதில்கள்தான். மோட்டார் சைக்கிள் எஞ்சின் எதிர்க்காற்றில் நிற்கிறது. இதுவோ வண்டியின் பின்கோடியில் மூடிய அறைக்குள் இருக்கிறது. எதிர்க்காற்று அங்கே எட்டாது என்பதால்தான் விசிறி தேவைப்படுகிறது.

பின்பக்க மேல்மூலைகளில், கண்ணாடிக்குப் பின்னால் உள்ள திறப்புகள் வழியாகக் குளிர்ந்த காற்று எஞ்சின் அறைக்குள் இறங்குகிறது. டைனமோவின் அச்சிலேயே பொருத்தப்பட்ட விசிறி அதை இழுத்து, எஞ்சினின் மேல் கவிழ்த்த தகட்டுக் கூட்டுக்குள் தள்ளுகிறது. முழு வேகத்தில் நொடிக்கு 500 லிட்டருக்கு மேல் காற்று இந்த வழியாகப் போகும். கூட்டுக்குள் இருக்கும் வளைந்த தகடுகள் அதை நான்கு சிலிண்டர்களுக்கும், எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலருக்கும் பங்கிடுகின்றன. செதில்களுக்கிடையே கீழ்நோக்கிப் பாய்ந்து சூடேறிய காற்று வண்டிக்கு அடியில் வெளியேறுகிறது. மேலே குளிர், கீழே சூடு, நடுவில் சுவராகத் தகடு: இந்த ஏற்பாட்டின் அடிப்படை இதுதான். எஞ்சினைச் சுற்றி அந்தத் தகட்டுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஒரு ரப்பர் பட்டை ஓடும். அது அழகுக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது இல்லையென்றால் கீழே போன சூடான காற்றை விசிறி மறுபடியும் மேலே இழுத்துக்கொள்ளும்.

இந்தப் பாடம் எனக்குச் செலவில்லாமல் கிடைக்கவில்லை. வண்டி வந்த இரண்டாம் ஆண்டில் கிளச் மாற்றுவதற்காக எஞ்சினை இறக்கிய ஒரு பணிமனை, திரும்ப ஏற்றும்போது அந்த ரப்பர் பட்டையையும் பின்புறச் சிறு தகடு ஒன்றையும் மாட்டாமலே விட்டுவிட்டது. ஹார்ட்ஸ் மலையில் பாட் ஹார்ட்ஸ்பர்க்கிலிருந்து டோர்ஃப்ஹவுஸ் வரை ஏறும் பாதையில், நான் தனியாகப் பொருத்தியிருந்த ஆயில் வெப்பமானி 130 பாகை செல்சியஸை நெருங்கியது. கார்புரேட்டரையும் தீப்பொறி நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டு மாதங்கள் போயின. கடைசியில், இவ்வகை எஞ்சின்களோடு வாழ்நாளெல்லாம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக் பின்கதவைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, இடைவெளியருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தார். காகிதம் மேல்நோக்கிப் படபடத்தது. அவர் வேறெதையும் தொடவில்லை. பட்டையையும் தகட்டையும் வாங்கி மாட்டச் சொன்னார். அடுத்த வாரம் அதே ஏற்றத்தில், அதே வெயிலில், முள் 110ஐத் தாண்டவில்லை.

அதன் பிறகு இந்தத் தகடுகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அந்த ஆர்வம் இன்னும் தீரவில்லை. பழைய எஞ்சின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்கு உள்ளேயே, இடப்பக்கத்தில், மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நின்றது. காற்று முதலில் கூலரின் சூட்டை வாங்கிக்கொண்டு அதன் பிறகே மூன்றாம் சிலிண்டரைத் தொட்டதால், நான்கில் அதுவே எப்போதும் அதிகம் காய்ந்தது. இதை அறிந்த பொறியாளர்கள், சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டர்கள் சிலவற்றில், மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறி சற்றே தாமதமாக வரும்படி உள்ளிருக்கும் கேமை வெட்டியிருந்தார்கள். நோய்க்கு மருந்து 1971ஆம் ஆண்டு மாடலில்தான் வந்தது: கூலரைக் கூட்டுக்கு வெளியே தள்ளி, அதற்கெனத் தனிக் காற்றுவழி கொடுத்து, விசிறியையும் அகலமாக்கினார்கள். மெக்கானிக்குகள் இதை 'டாக்ஹவுஸ்' என்பார்கள். பழைய எஞ்சின் பூட்டிய வண்டி வாங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டிய மேம்பாடு இதுவே என்பது என் கருத்து. கூடுதல் குதிரைத்திறன் தரும் எந்தப் பாகமும் இதற்குப் பிறகுதான்.

கூட்டுக்குள் காற்றைத் திறந்து மூடும் மடல்களும் உண்டு. எஞ்சினுக்கு அடியில் உள்ள தெர்மோஸ்டாட் சூட்டில் விரிந்து ஒரு கம்பியைத் தள்ள, மடல்கள் திறக்கின்றன. குளிர்ந்த எஞ்சினில் அவை மூடியிருந்து சீக்கிரம் சூடேற உதவுகின்றன. தெர்மோஸ்டாட் பழுதாகி அதனுள் இருக்கும் வெற்றிடம் கெட்டுவிட்டால் அது தானே விரிந்து மடல்களைத் திறந்தே வைத்துவிடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பழுதும் பாதுகாப்பான பக்கமே சாய்கிறது. இருந்தும் பல வண்டிகளில் இதைத் தேவையற்றது என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். வெப்ப நாடுகளில் அதனால் பெரிய கேடில்லை எனலாம். வட ஜெர்மனியின் ஏப்ரல் காலையில் அரைமணி நேரம் குளிர்ந்த எண்ணெயோடு ஓடும் எஞ்சின் தேய்ந்துகொண்டே ஓடுகிறது.

பெல்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டைனமோவும் விசிறியும் ஒரே அச்சில் இருப்பதால் இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் வேறு கார்களில் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று பொருள். வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். இந்த வேனில் அந்த விளக்குக்கு விசிறி நின்றுவிட்டது என்றும் பொருள் இருக்கலாம். உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். காஸல் நகருக்குத் தெற்கே ஏ7 நெடுஞ்சாலையில் எனக்கு அது ஒருமுறை நேர்ந்தது. 21 மில்லிமீட்டர் ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு மாற்று பெல்ட் ஆகிய மூன்றும் வண்டியில் இருந்தன. பெல்ட் ஓடும் டைனமோ கப்பியின் விளிம்பிலுள்ள பள்ளத்தில் திருப்புளியைக் கொடுத்துச் சுழலாமல் நிறுத்தி, நட்டைக் கழற்றினால் கப்பி இரண்டு பாதிகளாகப் பிரிகிறது. நடுவிலுள்ள மெல்லிய வளையங்களைக் கூட்டியோ குறைத்தோ பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்யலாம். எடுத்த வளையங்கள் தொலைந்துவிடாதபடி கப்பியின் வெளிப்புறத்தில், நட்டுக்கு அடியிலேயே மாட்டிவைக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் உள்வாங்கும் இறுக்கம் போதும். இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். சாலையோரத்தில் சாதாரண மனிதர் ஒருவர் தம் கையால் சரிசெய்துகொள்ளும்படி ஒரு வண்டியை வடிவமைத்தவர்கள் மீது அன்று எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றும் குறையவில்லை.

பராமரிப்பு இடைவிடாதது, ஆனால் கடினமானதன்று. எண்ணெய் இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும். ஃபில்டர் கிடையாது, ஒரு வலைச் சல்லடை மட்டுமே. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது விதி, நான் 3,000லேயே மாற்றிவிடுகிறேன். இந்த எஞ்சினில் எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு சூட்டையும் சுமந்து கூலருக்குக் கொண்டுசெல்கிறது. ஆகவே அதன் அளவு குறைவதும் தரம் கெடுவதும் நேரடியாகக் குளிர்ச்சியைப் பாதிக்கும். வால்வுக்கும் அதைத் தள்ளும் நெம்புக்கும் நடுவே விடும் டேப்பெட் இடைவெளி 0.15 மில்லிமீட்டர்; எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது, அதாவது இரவு நின்ற வண்டியில் காலையில் பார்க்க வேண்டும். இந்த வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. ஒரு வெளியேற்று வால்வின் இடைவெளி மட்டும் ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே வந்தால், அந்த வால்வு நீள்கிறது அல்லது அதன் இருக்கை தேய்ந்து உள்ளே இறங்குகிறது என்று பொருள். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. மூடும்போதுதான் அது தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதால், மூடாத வால்வு எரிந்து முறிந்து பிஸ்டன்மேல் விழும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை வைத்து ஒரு மணி நேரம் செலவிடுபவருக்கு அந்த நாசம் மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

ஓட்டுவதைப் பற்றி. 1584 சிசி கொள்ளளவும் 50 குதிரைத்திறனும் கொண்ட இந்த எஞ்சினுக்கு அதிகபட்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர் என்று நிறுவனமே சொன்னது. சமதளத்தில் 90 என்பது எஞ்சினுக்கும் காதுக்கும் ஒத்துப்போகும் வேகம். சத்தத்தை விழுங்கத் தண்ணீர் உறை இல்லாததால் டேப்பெட்டின் தாளமும் விசிறியின் இரைச்சலும் எப்போதும் கேட்கும். எனக்கு அது வண்டியின் நலம் விசாரிப்பது போல, எந்த ஒலி மாறினாலும் உடனே தெரிகிறது. ஜெர்மன் நெடுஞ்சாலையில் கனரக லாரிகளின் வேக வரம்பு 80 என்பதால், அவற்றோடு சேர்ந்தே போகப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஏற்றத்தில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். எஞ்சின் திணறினாலும் மேல் கியரிலேயே வைத்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி இழுப்பது மென்மையாக ஓட்டுவது போலத் தோன்றும். விசிறியின் வேகம் எஞ்சினின் வேகத்தோடு கட்டப்பட்டது என்பதை நினைவில் வைத்தால் அதன் கேடு விளங்கும்: அதிக எரிபொருள், குறைந்த சுழற்சி, குறைந்த காற்று. கீழ் கியருக்கு மாற்றி, ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, எஞ்சினைச் சுழலவிட வேண்டும். ஆஸ்திரியாவில் 2,504 மீட்டர் உயரத்திலுள்ள ஹோஹ்டோர் கணவாய் வரை ஏறும் கிராஸ்குளோக்னர் சாலையைப் பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே ஏறினோம். உயரத்தில் காற்று மெலிந்து திறன் குறைவது தெளிவாகத் தெரிந்தது, ஆனால் எண்ணெயின் வெப்பம் எல்லைக்குள்ளேயே இருந்தது. எங்களைக் கடந்து போன புதிய கார் ஒன்று இறக்கத்தில் பிரேக் புகைய நின்றதையும் பார்த்தோம். எங்கள் வண்டிக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் உண்டு. 1971 மாடலை நான் குறிப்பாகத் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்காருவதால் திருப்பும் முறை வேறு. முனையைக் கண் தாண்டிய பிறகே ஸ்டியரிங்கைச் சுழற்ற வேண்டும், இல்லாவிட்டால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறும். ஸ்டியரிங் கிட்டத்தட்டப் படுத்திருக்கும். எதிரே பரந்த கண்ணாடி, அதற்கப்பால் நேரே சாலை. காட்சிக்கு இதற்கு இணையான வண்டியை நான் ஓட்டியதில்லை. ஆனால் மோதினால் கால்களுக்கும் எதிரே வருவதற்கும் இடையே ஒரு தகடுதான் என்பதை எந்த நேரத்திலும் மறக்கக்கூடாது. முன்வண்டியோடு இடைவெளி விட்டு ஓட்டுவது இந்த வேனில் உயிர்காக்கும் பழக்கம். பக்கக் காற்றும் சோதிக்கும். பால்டிக் கடற்கரையில் ஃபெஹ்மார்ன் தீவுக்குச் செல்லும் பாலத்தில் ஒரு செப்டம்பர் மாலை, இரு கைகளாலும் பிடித்தும் வண்டி ஒரு முழம் நகர்ந்தது.

வெப்பமூட்டி இந்த வண்டியின் பலவீனமான உறுப்பு. விசிறியின் காற்றில் ஒரு பகுதி, புகைக்குழாயைச் சுற்றிய உறைகளின் வழியாகச் சென்று சூடேறி, வண்டியின் முழு நீளத்தையும் அடியில் கடந்து முன்கண்ணாடியை அடைய வேண்டும். அடைவதற்குள் பெரும்பாலும் குளிர்ந்துவிடுகிறது. கண்ணாடியைத் துடைக்க ஒரு துணி எப்போதும் இருக்கையருகே இருக்கும். இதை ஒரு குணமென்று பொறுத்துக்கொள்ளலாம். அந்த உறைகள் துருப்பிடித்து ஓட்டையானால் புகைக்குழாயின் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும் என்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆண்டுதோறும் அவற்றைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறேன். மாற்றும்போது மலிவான மெல்லிய தகட்டில் செய்ததை வாங்கக்கூடாது.

தீ இதைவிடப் பெரிய அபாயம். எஞ்சின் அறைக்குள் ஓடும் பெட்ரோல் ரப்பர் குழாய்கள் சூட்டில் காய்ந்து வெடிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல் இறுக்கிச் செருகப்பட்டதே தவிர மரையிடப்பட்டதன்று, அதிர்வில் கழன்று வரக்கூடியது. கீழே இருப்பதோ மெக்னீசியம், பற்றிக்கொண்டால் தண்ணீரால் அணையாது, இன்னும் வெறிகொண்டு எரியும். ஒரு பொது வாகனக் காட்சிக்கு வந்த வேன் ஒன்று வாசலிலேயே எரிந்து எலும்புக்கூடானதை நான் நேரில் பார்த்தேன். வண்டி வாங்கிய நாளிலேயே எல்லாப் பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும். எத்தனை ஆண்டு பழையவை என்று விற்பவரைக் கேட்டுப் பயனில்லை. தீயணைப்பான் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

எந்த மாடலை வாங்குவது? 1950 முதல் 1967 வரை வந்த, முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த முதல் தலைமுறையின் அழகை மறுக்க முடியாது. 25 குதிரைத்திறன் கொண்ட 1131 சிசி எஞ்சினோடு தொடங்கிய அந்த வண்டி முழுச் சுமையோடு மேடேறியதற்குக் காரணம், போர்க்கால இராணுவ வண்டியான கியூபல்வாகனிலிருந்து வந்த குறைப்புப் பற்சக்கரங்கள் பின்சக்கரத்தருகே இருந்ததுதான். தரையிலிருந்து உயரமும் அதனால் கூடியது. 1951இல் வந்த, 23 சன்னல்கள் வரை கொண்ட சாம்பா என்ற பயணிகள் வேன் இன்று ஏலங்களில் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டுகிறது. அந்த விலை கொடுத்து வாங்கியவர் மழையில் ஓட்டத் துணியமாட்டார். ஓட்டுவதற்கு வண்டி தேடுபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

1967 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறையே ஓட்டுபவருக்கானது. ஒரே வளைந்த முன்கண்ணாடி, பக்கத்தில் நகரும் கதவு, பின்னால் இரட்டை மூட்டுகள் கொண்ட அச்சு ஆகியவை அதோடு வந்தன. பழைய ஊசலாடும் அச்சில் வளைவில் வேகமாகப் போனால் சக்கரம் உட்புறம் மடங்க முற்படும். இந்த அச்சில் அந்த அச்சம் இல்லை. 1972 மாடல் முதல் 1.7 லிட்டர், பின்பு 1.8, 1976 மாடலில் 70 குதிரைத்திறன் தரும் 2.0 லிட்டர் எஞ்சின் என்று இன்னொரு வகை கிடைத்தது. இது ஃபோக்ஸ்வாகன் 411 காரிலிருந்து வந்தது. விசிறி நேராக எஞ்சினின் முதன்மை அச்சான கிரான்க் ஷாஃப்டின் முனையிலேயே பூட்டப்பட்டிருப்பதால் பெல்ட் அறுந்தாலும் குளிர்ச்சி நிற்காது. மலைநாட்டில் வசிப்பவர்கள், கனமான கேம்பர் அறை வேண்டுபவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். உதிரிபாகங்களின் விலை கூடுதல். ஹெட்டில் வால்வுகளுக்கிடையே வெடிப்பு விழும் வழக்கமும் உண்டு. நான் சிறிய எஞ்சினைத் தேர்ந்ததற்குக் காரணம், அதன் எல்லாப் பாகமும் இன்றும் எளிதில் கிடைக்கிறது, ஒரு ஜாக்கியும் ஒரு துணையாளும் இருந்தால் அரை நாளில் இறக்கி ஏற்றிவிடலாம் என்பதுதான்.

1979இல் வந்த மூன்றாம் தலைமுறையில் முதல் சில ஆண்டுகள் காற்றால் குளிரும் எஞ்சின் தொடர்ந்து, 1982இன் பிற்பகுதியில் தண்ணீருக்கு மாறியது. பிரேசிலின் சாவோ பெர்னார்டோ டோ காம்போ ஆலையில் 1957 முதல் உருவான, அங்கே கொம்பி என்று அழைக்கப்பட்ட இதே வேன் மட்டும் 2005 டிசம்பர் வரை காற்றையே நம்பியது. அதன் பிறகு ரேடியேட்டர் பூட்டி, காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமாகும் தறுவாயில் 2013இல் உற்பத்தி நின்றது. பிரேசிலிலிருந்து வரும் வண்டிகள் புதியவை, விலையும் குறைவு. தகட்டின் துருவை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

துருதான் விலையைத் தீர்மானிக்கிறது. எஞ்சின் எவ்வளவு கெட்டாலும் மாற்றிவிடலாம். உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட இந்த அமைப்பில் தகடு போனால் வண்டியே போயிற்று. முன்கண்ணாடி ரப்பரின் கீழ்விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடங்கள், பக்கச் சட்டங்கள், பேட்டரித் தட்டு, சக்கர வளைவுகள் ஆகியவற்றை ஒரு காந்தத்தோடு தடவிப் பாருங்கள். புட்டி பூசி வண்ணமடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. நான் முதலில் பார்க்கப்போன வண்டியின் பளபளப்பான முகப்பில் காந்தம் நான்கு இடங்களில் நழுவி விழுந்தது. விற்பனையாளர் ஒன்றும் சொல்லாமல் கொட்டகையை மூடினார். கலிஃபோர்னியா வண்டிகள் இவ்விஷயத்தில் நல்லவை. அங்கிருந்து வருபவற்றில் பயணிகள் வேனும் கேம்பரும் இருக்கும் அளவுக்குப் பிக்கப்புகள் இல்லாததற்கும் காரணம் உண்டு: ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு விதித்த வரிக்குப் பதிலடியாக, ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் சிறு சரக்கு வண்டிகளின் இறக்குமதிக்கு விதித்த 25 சதவீத வரி 1964 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஜெர்மனியில் முப்பது ஆண்டு கடந்து நல்ல நிலையிலுள்ள வண்டிக்கு எச் என்ற எழுத்தோடு கூடிய பதிவெண் கிடைக்கும். ஆண்டு வரி ஏறத்தாழ 191 யூரோ, நகரங்களின் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள்ளும் போகலாம். பெட்ரோல் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் வரை குடிக்கிறது. ஏழு ஆண்டுகளில் ஒரு முறை எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்திருக்கிறேன், இரு முறை கிளச் கேபிள் அறுந்திருக்கிறது. இவை எவையும் எனக்கு வருத்தம் தரவில்லை. கைகள் அழுக்காவதை விரும்பாதவருக்கும், அவசரமாக ஓரிடம் போய்ச் சேர வேண்டியவருக்கும், பனிக்காலத்திலும் ஓட்ட நினைப்பவருக்கும் இந்த வண்டியை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். மற்றவர்களுக்கு முழு மனதோடு பரிந்துரைக்கிறேன்.

பார்க்கப்போகும்போது முந்தைய நாளே சொல்லி, எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பின்கதவைத் திறந்ததும் கார்புரேட்டரையோ பளபளப்பையோ பார்க்க வேண்டாம். எஞ்சினைச் சுற்றி ரப்பர் பட்டை முழுதாக ஓடுகிறதா, தகடுகளுக்கிடையே தரை தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு அடியில் இரு கைகளாலும் கிரான்க் ஷாஃப்டின் கப்பியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். தெளிவாக உணரும்படி 'டக்' என்று அசைந்தால் கிரான்க் கேஸ் தேய்ந்துவிட்டது. அரைமணி நேரம் ஓட்டி, ஒரு மேடாவது ஏறி, திரும்பி வந்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஆயில் விளக்கைக் கவனியுங்கள். அது எரியாமல் இருந்தால் விலை பேசலாம்.